கறளும் கடல்விளக்கும்: கொழும்புத்துறைக் கடலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, பாசையூருக்கும் அரியாலைக்கும் இடைப்பட்டுக் கடனீரேரியை நோக்கிக் கிடக்கும் கொழும்புத்துறை, வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படும் ஊரன்று. யோகர் சுவாமிகளின் (1872-1964) கொட்டில் இருந்த இடமென்பதனால் அடியார்களும், பூநகரிக்குத் தோணியேறிய துறையென்பதனால் முதியோரும் அதனை நினைவிற் கொண்டுள்ளனர். துறைகளின் வரலாற்றை எழுதுவோர் அங்கு வந்திறங்கிய படைகளையும் பண்டங்களையுமே பெரும்பாலும் எழுதிச் செல்வர். இராக்காலத்தில் அத்துறையினின்றும் புறப்பட்ட வள்ளங்கள் எவ்வகை விளக்கைக் கொண்டுசென்றன, அவ்விளக்கின் கூடு எந்த உலோகத்தாலானது, அவ்வுலோகம் உப்புநீரில் எத்தனை காலம் நின்றுபிடித்தது என்பன அவர்தம் கவனத்தைப் பெற்றனவல்ல. மீன்பிடிப்பவனுக்கோ இவை அன்றாடச் செலவைத் தீர்மானிக்கும் வினாக்கள்.

கடலோர மக்களின் வாழ்க்கை கறளோடு நடத்தும் ஓயாத வழக்கு எனலாம். ஆணி, நங்கூரம், இயந்திரம், விளக்கு ஆகிய யாவற்றையும் உப்பு தின்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ‘கறையில் உருக்கு’ தோன்றியபோது இவ்வழக்கு முடிந்துவிட்டதென்றே உலகம் எண்ணியது. ‘எவர்சில்வர்’ என நம்மவர் வழங்கும் பெயரே அந்நம்பிக்கையின் சான்றாகும். இன்று நீருக்குள் அமிழ்த்தப்படும் படகு விளக்குகளின் கூடுகளிற் பெரும்பாலானவை இவ்வுருக்கினால் ஆனவையென்றே விலைகூறப்படுகின்றன. ஆயின் அவ்வுருக்கின் இயல்பையும் கொழும்புத்துறைக் கடலின் இயல்பையும் அருகருகே வைத்து நோக்கினால், அந்நம்பிக்கை எவ்விடத்தில் வழுக்குகிறது என்பது புலனாகும். அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படகில் விளக்கேற்றும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. சிலப்பதிகாரத்துக் கடலாடுகாதை புகார்க் கடற்கரையின் இரவுக்கால விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்லுமிடத்தில், கலங்கரை விளக்கத்தை அடுத்துப் பரதவரின் மீன்திமில் விளக்கினையும் சேர்த்துக்கொள்கிறது. வேற்றுமொழி வணிகரின் விளக்கோடு மீனவன் விளக்கும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது நோக்கற்பாலது. அவ்விளக்கு எப்பொருளால் ஆனதென்று காப்பியம் கூறவில்லை. யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் ஓலையையும் பாளையையும் கட்டிக் கொளுத்திய சூள் நெடுங்காலம் பயன்பட்டது. ஆழமில்லாத நீரில் ஒருவர் சூளைப் பிடிக்க மற்றவர் மீனைக் குத்துவர். எரிந்து முடிந்ததும் சூள் கடலிலேயே கரிந்து உதிரும். அதிற் கறள்பிடிக்க ஏதுமில்லை. பழைய விளக்குகளுக்குப் பகை காற்றேயன்றி உப்பன்று என்பதை ஈண்டு மனங்கொள்ளவேண்டும்.

படகின் உடலுக்கோ உப்பே பகை. இந்துமாக்கடற் கரைகளில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கலங்கட்டும் மரபு நீண்டகாலம் நிலவியமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். கட்டுமரத்தில் இன்றும் ஆணியில்லை; கயிற்றுப் பிணைப்பே உண்டு. இத்தொடர்பில் தொலமியின் புவியியல் நூல் தரும் செய்தி சுவையானது. கீழைக்கடலில் மணியோலை எனப்படும் பத்துத் தீவுகள் உள்ளனவென்றும், இரும்பாணி அறைந்த கலங்கள் அங்கே ஈர்த்து நிறுத்தப்படுகின்றனவென்றும், அதனாலேயே அப்பகுதியார் மரமுளைகளாற் கலங்கட்டுகின்றனர் என்றும் அந்நூல் கூறும். போசமன்னன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூலும், காந்தப்பாறை இழுத்துவிடுமாதலாற் கடலோடும் கலத்தின் அடிப்பலகையை இரும்பாற் பிணைக்கலாகாது என விதிக்கின்றது. காந்தமலை கட்டுக்கதையே. எனினும் கட்டுக்கதைகள் வெறுமையிற் பிறப்பதில்லை. இரும்பாணி அறைந்த பலகை சில ஆண்டுகளில் ஆணி தேய்ந்து, துளை அகன்று, நீர் ஒழுகத் தொடங்குவதைக் கண்ட கப்பற்றச்சர், “இக்கடல் இரும்பை இழுத்துக்கொள்கிறது” என்று சொல்லியிருந்தால் அது பெரும் பிழையாகாது. காந்தத்தின் வேலையென்று ஏட்டில் எழுதப்பட்டது உண்மையிற் கறளின் வேலையாக இருக்கலாம் என்பது ஊகமே. ஆயினும் பொருந்தும் ஊகம்.

ஆணியறைந்த பெருங்கலங்களும் வடபகுதியிற் கட்டப்பட்டன. வல்வெட்டித்துறையில் உருவாகி, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்த அன்னபூரணிக் கப்பலின் கதையை யாவரும் அறிவர். அதனை விரித்தல் வேண்டா.

இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தீண்டும்போது நிகழ்வதை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ‘அலாம்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலாகும். கப்பற்புழுவினின்றும் மரத்தைக் காக்க 1761ஆம் ஆண்டில் அதன் அடிப்பாகம் செப்புத்தகட்டினாற் போர்த்தப்பட்டது. மேற்கிந்தியக் கடல்களிற் சென்றுவந்த அக்கப்பலை 1763ஆம் ஆண்டிற் சோதித்தபோது செப்பு நன்றாயிருந்தது. தகட்டைப் பிணைத்த இரும்பாணிகளோ பல இடங்களிற் கறட்சேறாகிக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் பழுதின்றி இருந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, செப்புத்தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே தங்கிவிட்டமை தெரிந்தது. வேலையாளின் கவனக்குறைவு விஞ்ஞானத்துக்குச் செய்த உதவி இது. மின்கலத்தை வோல்ற்றா அமைப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே, உப்புநீரில் இரு உலோகங்கள் மின்கலமாகி அவற்றுள் இழிந்தது கரையும் என்ற உண்மையை ஒரு காகிதத்துண்டு உணர்த்திவிட்டது.

இவ்வுண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் ஹம்பிரி டேவி. செப்புத்தகட்டோடு நாகத்தையோ இரும்பையோ சிறிதளவு பொருத்தினால் அச்சிறுதுண்டு தான் கரைந்து செப்பைக் காக்கும் என அவர் 1824ஆம் ஆண்டில் நிறுவினார். செப்பு காக்கப்பட்டது. ஆனாற் கப்பல்களின் அடியிற் கொட்டலசும் பாசியும் மண்டி வேகம் குன்றியது. கரையும் செப்பே அவ்வுயிர்களை நஞ்சூட்டி விரட்டிக்கொண்டிருந்தது என்பதும், கரைவதை நிறுத்தியதும் அவை குடியேறின என்பதும் பின்னரே விளங்கின. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. இன்று இரும்புக் கப்பல்களின் அடியிலும் இயந்திரப் படகுகளின் காற்றாடித் தண்டுகளிலும் பொருத்தப்படும் நாகக்கட்டிகள் டேவியின் அச்சிந்தனையின் வழித்தோன்றல்களே. கொட்டலசைப் பற்றிய செய்தியும் பின்னர் மீண்டும் வேண்டப்படும்.

கறையில் உருக்கின் வரலாறு தொடங்குமிடத்தில் நமது நாட்டு உருக்கும் இருக்கின்றது என்பது பலர் அறியாதது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என வழங்கிய இந்திய உருக்கின் பெயர் கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு உறவுடையதென அறிஞர் கருதுவர். இவ்வுருக்கின் சிறப்புக்குக் காரணம் யாதென அறியவிரும்பிய மைக்கேல் பரடே, ஸ்ரோடாட் என்னும் கத்தித்தொழிலாளரோடு சேர்ந்து உருக்கினைப் பிற உலோகங்களோடு கலந்து சோதித்து, 1820, 1822ஆம் ஆண்டுகளிற் கட்டுரைகள் வெளியிட்டார். அவர்கள் கலந்தவற்றுட் குரோமியமும் ஒன்று. 1821ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் பேர்த்தியே குரோமியம் சேர்ந்த இரும்பு அமிலங்களை எதிர்த்து நிற்பதைக் கண்டு, அதனாற் கத்திகள் செய்யலாம் என்றார். கரி மிகுந்திருந்த அன்றைய கலவை நொறுங்கியது. அதனால் அவ்வெண்ணம் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஜேர்மனியில் மொன்னாட்ஸ் 1911ஆம் ஆண்டில் இக்கலவைகளின் அரிப்பெதிர்ப்பை முறையாக விளக்கினார். குறுப் நிறுவனத்தார் 1912ஆம் ஆண்டிற் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த உருக்குக்குக் காப்புரிமை பெற முனைந்தனர். 1913ஆம் ஆண்டிற் செபீல்டு நகரில் ஹரி பிறியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்கும் உலோகத்தைத் தேடிச்சென்று, 12.8 வீதக் குரோமியமுள்ள உருக்கை வார்த்தார். அது குழலுக்கு உதவியதைவிடக் கத்திக்கே நன்கு உதவியது. பழச்சாறும் வினாகிரியும் கறைப்படுத்தாத கத்தி என்ற பொருளிலேயே ‘கறையில்லாத’ என்ற அடைமொழி பிறந்தது. அடைமொழி உணவு மேசையிற் பிறந்ததேயன்றிக் கடலிற் பிறந்ததன்று. நம்மவர் அடுக்களையில் வெண்கலத்தையும் பித்தளையையும் அது படிப்படியாக விலக்கியது. 1980களின் தொடக்கத்திற் சேலத்தில் இவ்வுருக்குத் தகட்டுக்கென ஓர் ஆலையே எழுந்தது. புளியும் உப்பும் பட்டும் மங்காத கிண்ணத்தைக் கண்ட கண், அதே உலோகம் கடலையும் தாங்குமென நம்பியதில் வியப்பில்லை.

இனி அவ்வுருக்கு தன்னைக் காக்கும் முறையை நோக்குவோம். இரும்பின் கறள் பொருக்காகி உதிர்ந்து புதிய பரப்பை வெளிப்படுத்தும். குரோமியம் பத்தரை வீதத்துக்கு மேற்பட்ட உருக்கிலோ, காற்றிலோ நீரிலோ உள்ள ஒட்சிசனோடு குரோமியம் சேர்ந்து, ஒரு மில்லிமீற்றரின் சில இலட்சத்திலொரு பங்கேயான கண்ணுக்குத் தெரியாத படலமொன்று உண்டாகின்றது. கீறினால் அது தானே மீண்டும் மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள ஒட்சிசன் வேண்டும். ஆகவே இவ்வுருக்கு அழியாத உலோகமன்று. ஓயாது தன் புண்ணை ஆற்றிக்கொள்ளும் உலோகம். மூச்சுவிட இடமில்லாத மூலையில் அதன் புண் ஆறாது.

கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழப் பத்தொன்பது கிராம் குளோரைட்டு இருக்கின்றது. இக்குளோரைட்டே அப்படலத்தைத் துளைக்கும் கருவி. விளக்குக்கூட்டின் திறந்த பரப்பில் நீரோட்டம் ஒட்சிசனைக் கொண்டுவருவதால் துளை மூடப்படும். மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இறப்பர் வளையத்தின் அடியிலும், திருகாணித் தலையின் கீழும், கொட்டலசு ஒட்டிய இடத்திலும் நீர் அசைவற்றுத் தேங்கும். தேங்கிய நீரில் ஒட்சிசன் தீரும். உலோகம் சிறிது கரையும். கரைந்ததை ஈடுசெய்யக் குளோரைட்டு உள்ளே திரளும். நீர் புளித்து அமிலமாகும். படலம் முற்றும் அழியும். வெளியே பளபளக்கும் பெரும்பரப்பு முழுவதும் உள்ளேயுள்ள சிறு இடுக்குக்கு எதிரான மின்முனையாகி, அவ்விடுக்கை மேலும் விரைந்து தின்னச்செய்யும். ‘அலாம்’ கப்பலின் செப்பும் இரும்பும் ஆடிய நாடகத்தை இங்கே ஒரே உலோகம் தனக்குள் ஆடுகின்றது. மீனவன் காண்பது பளபளப்பான விளக்கை. ஒருநாள் அதன் கண்ணாடிக்குள் நீர் நிற்கும். கழற்றிப் பார்க்கும்போதுதான் வளையம் அமர்ந்த தடத்திற் கரும்பள்ளங்கள் தோன்றும்.

அடுக்களை உருக்கில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உள்ளன. வணிகர் 304 எனக் குறிக்கும் இது கடல்நீருக்குள் நிலையாக அமிழ்ந்திருக்கத் தக்கதன்று. இரண்டு முதல் மூன்று வீதம் மொலிப்டினம் சேர்ந்த 316ஆம் வகையே ‘கடலுக்குரியது’ என்ற பெயருடன் விற்கப்படுகின்றது. கடற்காற்றுக்கும் தெறிக்கும் அலைக்கும் அப்பெயர் தகும். படகின் கைப்பிடியாகவோ தூணாகவோ அமைந்து, மழையிற் கழுவப்பட்டுக் காய்ந்தால் அது நெடுங்காலம் நிற்கும். இடுக்குகளோடு நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும்போது, அதுவும் வெப்பநீரில், அதன் காப்பு போதாது. பொறியியலாளர் குரோமியத்தின் வீதத்தோடு மொலிப்டினத்தை 3.3ஆலும் நைதரசனை 16ஆலும் பெருக்கிக் கூட்டி ஓர் எண்ணைக் கணிப்பர். 316இன் எண் இருபத்தைந்தின் அண்மையில் நிற்கும். கடல்நீரில் இடுக்கரிப்பை நம்பிக்கையோடு எதிர்ப்பதற்கு நாற்பதளவில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இவ்விடைவெளியை எந்த மெருகும் நிரப்பாது.

கொழும்புத்துறைக் கடலின் இயல்பு இவ்விடைவெளியை மேலும் அகலமாக்குகின்றது. வட ஐரோப்பாவின் குளிர்ந்த, அலைமோதும் கடல்களில் நிகழ்ந்த சோதனைகளைக் கொண்டு இதனை மதிப்பிடலாகாது. இது பல இடங்களில் ஆள் ஆழமும் இல்லாத பரவைக்கடல்; ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். மாரியில் மழைநீர் கலந்து இறங்கும். இதே கடனீரேரியின் கிழக்குக் கோடியில் ஆனையிறவு உப்பளம் அமைந்தமை அந்த உப்பேற்றத்துக்குச் சான்று. அடியிற் சேறு; சேற்றில் ஒட்சிசனின்றி வாழும் நுண்ணுயிர்கள். அவை வெளிவிடும் சல்பைட்டும் உலோகத்துக்குத் தீங்கே. கரையில் ஏற்றப்படாமல் முனைக்கம்பில் கட்டப்பட்ட வள்ளத்தின் விளக்கு, வற்றுநீரிற் சேற்றோடு சேர்ந்து கிடக்கும். ஒட்சிசனால் வாழும் உலோகத்தை ஒட்சிசனில்லாத சேற்றிற் கிடத்துவதைவிடக் கொடிய சோதனை வேறில்லை.

நீருக்குள் விளக்கு இறங்கிய கதை அண்மைக் காலத்தது. சூளை அடுத்து அரிக்கன் லாந்தரும், பின்னர் பெற்றோமாக்ஸும் வந்தன. அரிக்கனின் தகரம் நாகம் அல்லது வெள்ளீயம் பூசப்பெற்றது. பூச்சு தேயும் வரையிலேயே அதன் ஆயுள். பெற்றோமாக்ஸின் எண்ணெய்த் தாங்கி பித்தளையாலானது. பித்தளையிலுள்ள நாகத்தை உப்பு மெல்லக் களவாடும். எஞ்சும் செப்பு செந்நிறப் பஞ்சாகும். எனினும் இவை வள்ளத்தின் மேல் நின்றவை. துடைக்கவும் எண்ணெய் பூசவும் கைக்கெட்டியவை. 1960களின் பிற்பகுதியிற் காரைநகரில் நிறுவப்பட்ட சீநோர் கண்ணாடிநார்ப் படகுகளைப் பரப்பியபோது, ஆணியில்லாப் படகு புதிய உருவில் மீண்டும் வந்ததெனலாம். மரமும் ஆணியும் போயின. இயந்திரமும் விளக்கும் மட்டுமே கறளுக்கு இரையாக எஞ்சின.

பின்னர் விளக்கே இல்லாத காலம் வந்தது. 1990ஆம் ஆண்டு ஜூனிற் போர் மீண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது; மின்கலங்கள் தடைப்பட்டன; மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலிற் சில துளி எண்ணெயும் திரியும் இட்டு மாணவர் படித்தனர். ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடுண்டபின், 1990களின் முற்பகுதியில் மக்கள் கிளாலியினின்றும் இக்கடனீரேரியை இருளிற் கடந்தனர். படகில் விளக்கேற்றுதல் உயிருக்கு ஆபத்தாயிற்று. 1993ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பாதையிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். சிலப்பதிகாரம் எண்ணிய மீன்திமில் விளக்கு, அணைத்துவைப்பதே அறிவாகிய பொருளாக மாறியது வரலாற்றின் கொடிய திருப்பமாகும். 1996ஆம் ஆண்டின் பின்னரும் இரவுத் தொழிலுக்குத் தடைகளும் அனுமதிச் சீட்டுகளும் தொடர்ந்தன. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து, 2011ஆம் ஆண்டு ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரிக்கு வள்ளத்தை நம்பவேண்டிய தேவை நீங்கியது. தொழிலுக்கே வள்ளம் என்ற நிலை உறுதியாயிற்று.

இவ்விடைக்காலத்தில் உலகில் விளக்கே மாறிவிட்டிருந்தது. 1990களிற் பிரகாசமான நீல ஒளியுமிழ் இருவாயி உருவாக்கப்பட்டதன் பயனாகச் சிறு மின்கலத்தால் ஒளிரும் வெள்ளை, நீல, பச்சை விளக்குகள் மலிந்தன. அவற்றைப் படகின் அடியிற் பொருத்தவும் கயிற்றில் இறக்கவும் முடிந்தது. செந்நிறம் நீரில் விரைந்து மடியும். பச்சையும் நீலமும் தொலைவு செல்லும். நுண்ணுயிர் திரள, மீன் தொடரும். இதன் பயன் மிகுதியானதே கலகத்துக்கும் காரணமாயிற்று. இந்திய நடுவணரசு தன் பொருளாதாரக் கடல்வலயத்தில் இத்தகைய விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை 2017ஆம் ஆண்டு நவம்பரிற் தடைசெய்தது. 2018ஆம் ஆண்டில் முல்லைத்தீவு மீனவர் ஒளிபாய்ச்சும் தொழிலுக்கு எதிராகப் போராடினர். ஒளியின் நியாயம் தனியாக ஆராயத்தக்கது. கூட்டின் நியாயமே இங்கு பேசப்படுவது.

மீனவன் விளக்கை வாங்கும்போது அவனுக்குக் காட்டப்படுவது பளபளப்பு. காந்தத்தைக் கொண்டு சோதிப்பார் உளர். 304, 316 இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாவாகையால் அச்சோதனை வேறுபாட்டை உணர்த்தாது. தொலமியின் காந்தம் இங்கும் ஏமாற்றுகின்றது. அலுமினியத் தாங்கியிற் கறையில் உருக்குத் திருகாணியைப் பூட்டினால் அலுமினியம் கரையும். அவ்விடத்தில் நைலோன் வளையமொன்றை இடுதல் பழுப்புக் காகிதம் செய்த வேலையைச் செய்யும். மின்கம்பியின் உறை கிழிந்து மின் கசியுமாயின், ஆண்டுகளில் நிகழும் அரிப்பு நாட்களில் நிகழும். பற்றாசு வைத்த மூட்டில் வெப்பம்பட்ட பட்டையில் குரோமியம் கரியோடு சேர்ந்து ஒதுங்கிவிடுமாதலால், கரி குறைந்த ‘எல்’ வகையே அதற்கு ஏற்றது. அலுமினிய வெண்கலக் கூடும் தைத்தானியக் கூடும் கடலை நன்கு தாங்கும். முன்னையது பாரமானது, பின்னையது விலைமிக்கது. ஆழமற்ற கடலுக்குரிய சிறு விளக்குகளிற் கடினமான பிளாஸ்ரிக் கூடே போதியதாகலாம். பளபளக்காமையே அதன் குறை.

உருக்கு விளக்கையே வைத்திருப்போர், தொழில் முடிந்ததும் அதனை நீரினின்றும் தூக்கி, நன்னீரில் அலசி, ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, வளையத்தைக் கழற்றித் துடைத்து, உலரவைக்கின்றபோது, ஒவ்வொரு முறையும் படலத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கின்றனர். அரிக்கனையும் பெற்றோமாக்ஸையும் காலையில் துடைத்துவைத்த அதே வேலையே இது. அதற்கு வேண்டியது ஒரு வாளி நன்னீர். கரையோரக் கிணறுகளிற் கோடைக்கு உவரேறும் ஊரில், அந்த ஒரு வாளியும் விலையற்றதன்று.